ஏசி விலை 100 என்றால், எனக்கு ஆன செலவு 194

ஏசி வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து ஒப்பிட்டேன். கரண்ட் எவ்வளவு இழுக்கும், சத்தம் எப்படி, உத்தரவாதம் எத்தனை வருடம், தவணையில் எடுத்தால் எவ்வளவு கூடும் என்று எதையும் விடவில்லை. அதை மாட்டப்போவது யார், எப்படி மாட்டுவார் என்று மட்டும் யோசிக்கவே இல்லை. அதற்கு ஆறு வருடம் தண்டம் கட்டினேன். தொகைகளை நேரடியாகச் சொன்னால் அடுத்த வருடமே பழசாகிவிடும் என்பதால், ஏசியின் கடை விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாச் செலவையும் அதே கணக்கில் சொல்கிறேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஏசியின் விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது 1.5 டன் இன்வர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி, ஆர்32 கேஸ். இன்வர்ட்டர் என்றால் கம்ப்ரசரின் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வகை. ஸ்ப்ளிட் என்றால் அறைக்குள் இண்டோர், வெளியே அவுட்டோர் என்று இரண்டு யூனிட். ஆர்32 என்பது உள்ளே சுற்றிக் குளிர வைக்கும் கேஸின் பெயர். (டன் என்பது மெஷினின் எடை அல்ல. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் திறன்.) பில்லில் 100 கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். மாட்டி முடிப்பதற்குள் மேற்கொண்டு 34 போனது. மாட்டுக்கூலி 4. சுவரில் ஓட்டை போட 2. அவுட்டோர் ஸ்டாண்டு 3. பெட்டியோடு வந்த காப்பர் பைப் 3 மீட்டர்தான், என் வீட்டுக்குத் தேவைப்பட்டது 7 மீட்டர். கூடுதல் 4 மீட்டருக்கு 10. மெயின் போர்டிலிருந்து தனி வயரும் எம்சிபியும் (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) இழுக்க 8. ஸ்டெபிலைசருக்கு 7.

இதில் அதிகம் கடித்தது பைப்தான். கூடுதல் ஒரு மீட்டர் என்றால் ஒரு குழாய் மட்டும் அல்ல. திரவம் போகிற மெல்லிய குழாய், கேஸ் திரும்பி வருகிற தடித்த குழாய் (1.5 டன்னுக்குப் பெரும்பாலும் கால் அங்குலமும் அரை அங்குலமும்), இரண்டுக்கும் தனித்தனியாக ரப்பர் உறை, இரண்டு யூனிட்டையும் இணைக்கிற வயர், டிரெயின் பைப் என்று எல்லாமே ஒரு மீட்டர் கூடும். அதனால் வாங்குவதற்கு முன்பே இண்டோர் வரப்போகிற இடத்திலிருந்து அவுட்டோர் வரப்போகிற இடம் வரை, குழாய் எந்த வழியாகப் போகுமோ அதே வழியில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அவுட்டோரை இரண்டு மீட்டர் கிட்டே கொண்டுவந்தாலே செலவில் நல்ல மாற்றம் தெரியும். அதற்காக, கைக்கு எட்டாத வெளிச்சுவரில் மாட்டிவிடவும் கூடாது. அங்கே மாட்டினால் பின்னால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஏணிக்கும் கயிற்றுக்கும் தனிக் காசு, அதோடு வருகிற ஆளும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். சுவருக்கும் அவுட்டோரின் முதுகுக்கும் நடுவே குறைந்தது 10-15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தான் ஊதிய சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

வயருக்குக் கொடுத்த 8 வீண் செலவு இல்லை. 230 வோல்ட்டில் 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது 7-8 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. மற்ற பிளக்குகளோடு பங்கு போடும் பழைய லைனில் மாட்டினால் இணைப்புகள் சூடேறிக் கருகும். 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத காப்பர் வயர், மெயின் போர்டு தூரமாக இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர், அதற்குப் பொருத்தமான தனி எம்சிபி. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்டெபிலைசர் விஷயம் வேறு. எந்த வோல்ட்டிலிருந்து எந்த வோல்ட் வரை தாங்கும் என்று என் ஏசியின் கையேட்டிலேயே போட்டிருந்தது, என் வீட்டு வோல்டேஜ் அதற்குள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விற்றவர் "போட்டுக்கோங்க சார், நல்லது" என்றார், போட்டுக்கொண்டேன். அந்த 7 தண்டம்.

இப்போது முக்கியமான நாளுக்கு வருகிறேன். மாட்ட வந்தவர்கள் ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கோடைக்காலம், அன்றைக்கே இன்னும் நாலு வீடு பாக்கி என்றார்கள். அறை குளிர்ந்தது, எனக்கும் சந்தோஷம். அவர்கள் பையில் வேக்கம் பம்பே இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. புது ஏசியில் கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் அடைபட்டு வரும். குழாய்களையும் இண்டோர் காயிலையும் (கேஸ் ஓடிக் குளிர வைக்கும் குழாய்ச் சுருள்) இணைத்ததும் அவற்றுக்குள் சாதாரணக் காற்றும் ஈரமும் இருக்கும். அதை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் வால்வைத் திறந்து கேஸை உள்ளே விட வேண்டும். குறைந்தது 20 நிமிடம் பம்ப் ஓட வேண்டும், பிறகு பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஜிட்டல் மீட்டர் வைத்திருப்பவர்கள் 500 மைக்ரானுக்கு (இங்கே வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) கீழே இறக்குவார்கள். அந்த அளவு வெற்றிடத்தில் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். என் வீட்டில் வந்தவர் செய்தது குறுக்குவழி: ஒரு நட்டை லேசாகத் தளர்த்தி, வால்வை ஒரு விநாடி திறந்து, உள்ளிருந்த காற்றை கேஸாலேயே "புஸ்" என்று வெளியே தள்ளிவிட்டு நட்டை முறுக்கிவிட்டார். காற்றில் பாதி போயிருக்கும். ஈரம் போகாது. உள்ளே இருந்த கேஸிலும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இன்னொரு தவறும் அன்றே நடந்தது, அதுவும் என் கண் முன்னால்தான். காப்பர் குழாயின் முனையைப் புனல் போல விரித்து, அதைப் பித்தளை நட்டால் இறுக்குவார்கள். ஃபிளேர் என்று பெயர். கால் அங்குல நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 55 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்க வேண்டும், அதற்கென்று டார்க் ஸ்பேனர் இருக்கிறது. இவர் சாதாரண ஸ்பேனரில் தம் பிடித்து முறுக்கினார். "டைட்டா இருந்தா லீக் ஆகாது" என்று நானும் தலையாட்டினேன். அளவுக்கு மேல் முறுக்கினால் விரித்த காப்பர் நசுங்கி மெலிந்து மயிரிழை விரிசல் விடும். ஏசியின் நடுக்கத்தில் அந்த விரிசல் மாதக்கணக்கில் மெதுவாகப் பெரிதாகும்.

பதினான்காவது மாதம் குளிர் குறைந்தது. ஒரு வருட முழு உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம். அதற்கு முன்பே கரண்ட் பில் சொல்லியிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை: அதே உபயோகம், மாதத்துக்கு ஐம்பது அறுபது யூனிட் கூடுதல். கேஸ் குறைந்த இன்வர்ட்டர் ஏசி உடனே நின்றுவிடாது. கம்ப்ரசரை முழு வேகத்தில் ஓட்டி ஈடுகட்டப் பார்க்கும், அதனால் குளிரில் தெரிவதற்கு முன்னால் மீட்டரில் தெரிந்துவிடும். வந்தவர் கேஜை மாட்டினார், "கேஸ் குறைஞ்சிடுச்சு" என்றார், ஏற்றினார், 9 வாங்கிக்கொண்டு போனார். எட்டு மாதத்தில் மறுபடி அதே கதை, மறுபடி 9. மனதுக்குள் இது வண்டிக்கு பெட்ரோல் போடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் வந்ததே தவிர சந்தேகம் வரவில்லை.

ஏசியில் கேஸ் தீராது. அது எரிபொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற அதே கேஸ்தான் பத்துப் பதினைந்து வருடமும் வேலை செய்ய வேண்டும். குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது கிழிந்த சாக்கில் அரிசி கொட்டுகிற வேலை. வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு?" இல்லை, "எங்கே லீக்?". அதற்குப் பதில் இல்லாமல் சிலிண்டரைத் திறக்க விடாதீர்கள்.

கேஜ் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏசி நின்றிருக்கும்போது குழாயில் காட்டும் அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே வெளி வெப்பத்துக்கு ஏற்ற முழு அழுத்தத்தைக் காட்டும்; 30 டிகிரியில் ஆர்32 ஏறத்தாழ 265 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டும், உள்ளே முழு அளவு இருந்தாலும் பாதி இருந்தாலும். ஓடும்போது பார்த்தாலும் இன்வர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். நம்பத்தகுந்த ஒரே வழி எடை. அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள், 1.5 டன்னுக்குப் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு முன்பின். இருக்கிற கேஸை முழுவதும் எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு, தராசில் சிலிண்டரை வைத்து அந்த எடையை ஏற்ற வேண்டும். கையேட்டில் சொல்லியிருக்கும் நீளத்துக்கு மேல் பைப் போயிருந்தால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதல் என்று அதிலேயே இருக்கும். தராசு இல்லாமல் வருகிறவர் கண்மதிப்பில்தான் ஏற்றப்போகிறார். குளிர் குறைந்தால் நேராக கேஸுக்கும் போய்விட வேண்டாம். ஃபில்ட்டர் அடைத்திருந்தாலும் காயிலில் ஐஸ் கட்டும், குளிர் குறையும். ஃபில்ட்டரைக் கழுவிப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். என் வீட்டில் ஒரு முறை அப்படிச் செய்யாமல் கூப்பிட்டு, வந்து பார்த்த கூலியாக மட்டும் 2 கொடுத்தேன்.

மூன்றாவது முறை வந்தவர் வேறு ஆள். கேஸ் சிலிண்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு நைட்ரஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிச்ச கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜனை 400 பிஎஸ்ஐ வரை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினார். இண்டோருக்குப் பின்னால், டேப் சுற்றி மறைத்திருந்த அரை அங்குல நட்டில் ஊசிமுனை அளவுக்கு நுரை பொங்கியது. இரண்டு வருடமாக என் காசு போன வழி அதுதான். பார்த்ததும் கோபத்தைவிட அவமானமாக இருந்தது. ஃபிளேரை வெட்டிப் புதிதாகப் போட்டு, வேக்கம், எடை போட்டுக் கேஸ், எல்லாமாக 14. மற்றவர்கள் வாங்கியதைவிட 5 அதிகம்தான், ஆனால் அந்த இணைப்பு அதன் பிறகு ஒழுகவில்லை. அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே ஆகும். ஆக்சிஜனையோ சாதாரணக் கம்ப்ரசர் காற்றையோ யாராவது ஏற்ற வந்தால் தடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கக்கூடியது.

அதோடு தலைவலி தீர்ந்தது என்று நினைத்தேன். முதல் நாளே உள்ளே தங்கிப்போன ஈரத்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. ஆர்32, ஆர்410ஏ கேஸ் போட்ட ஏசிகளில் இருக்கும் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் வகை. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து அமிலமாகும், அமிலம் கம்ப்ரசர் மோட்டாரின் சுருளில் பூசிய பூச்சை அரிக்கும். ஐந்தாவது வருடம் ஆன் செய்தால் எம்சிபி விழுந்தது. கம்ப்ரசர் பாடியில் ஷார்ட். கழற்றியபோது வடிந்த ஆயில் கருப்பாக, புளித்த நெடியோடு இருந்தது. கம்ப்ரசருக்குப் பத்து வருட உத்தரவாதம் என்று பெட்டியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்ததால் பதறவில்லை. பதறியிருக்க வேண்டும். உத்தரவாதம் கம்ப்ரசர் என்கிற உருப்படிக்கு மட்டும். கேஸ், ஈரத்தை உறிஞ்சும் ஃபில்ட்டர் டிரையர், குழாய்களைச் சூட்டில் ஒட்டும் பிரேஸிங், கூலி, போக்குவரத்து எல்லாம் என் தலையில்: 18. உதிரி வந்து சேரப் பதினொரு நாள், அதுவும் உச்ச வெயிலில். வாங்கும்போதே உத்தரவாதச் சீட்டில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: காயில் லீக் சேருமா, போர்டு (ஏசிக்குள் இருக்கும் மின்னணுப் பலகை) சேருமா, கூலியும் கேஸும் சேருமா. பெரிய எழுத்துப் பத்து வருடத்தைவிட இந்த மூன்றுதான் பிற்பாடு பையைக் காலி செய்யும்.

ஆறாவது வருடம் போர்டு போனது. இன்வர்ட்டரின் பலவீனமே இதுதான், அவுட்டோருக்குள் வெயிலிலும் ஈரத்திலும் கிடக்கிற மின்னணுப் பலகை. எறும்பு புகுந்தாலே போதும். புதுப் போர்டுக்கு 30 சொன்னார்கள். போர்டு ரிப்பேர் செய்கிற தனி ஆளிடம் கொடுத்ததில் 8-இல் முடிந்தது, உத்தரவாதம் ஏதுமில்லை. பழைய, இன்வர்ட்டர் இல்லாத ஏசி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் அடிக்கடி போவது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர். கம்ப்ரசர் "ம்ம்" என்று முனகிவிட்டு நிற்கும், இல்லையென்றால் அவுட்டோர் ஃபேன் சுற்றாது. மிக மலிவான உதிரி, மேலே எத்தனை மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும், மீட்டரில் அளந்தால் தெரிந்துவிடும். "கம்ப்ரசர் போச்சு" என்று யாராவது சொன்னால் கெபாசிட்டரை அளந்து காட்டச் சொல்லுங்கள். நீங்களாகக் கழற்றாதீர்கள், கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ரிப்பேரான போர்டு நாலு மாதம் ஓடியது. அதற்குள் இண்டோர் காயிலே ஒழுக ஆரம்பித்தது. காப்பர் குழாயில் எறும்புப் புற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், வீட்டுக்குள் புழங்கும் சுத்தம் செய்யும் திரவங்கள், பெயிண்ட், புது மரப் பலகை இவற்றிலிருந்து வரும் அமில ஆவிகள் ஈரத்தோடு சேர்ந்து அரிப்பதால் வருவது. இதை ஒட்டினாலும் பக்கத்தில் இன்னொன்று திறக்கும், மாற்றத்தான் வேண்டும். சொன்ன தொகை 35. அன்றைக்குத்தான் முதல்முறையாக எல்லா ரசீதையும் எடுத்துக் கூட்டினேன். 9, 9, 2, 14, 18, 8. மொத்தம் 60. மாட்டும்போது போன 34-ஐயும் சேர்த்தால் 100 விலையுள்ள பொருளுக்கு 194 கொடுத்திருக்கிறேன், சாதாரண சர்வீஸ் செலவும் கரண்டும் இதில் இல்லை. இந்த 60-இல் போர்டையும் அந்த 2-ஐயும் விட்டுவிட்டால் மீதி 50-உம் அன்றைக்கு வேக்கம் போடாததிலும் நட்டை நசுக்கியதிலும் போய் முடிகிறது.

மாற்றுவதா ரிப்பேரா என்று அன்று நான் போட்ட கணக்கு இது. வழக்கமாகச் சொல்வது, ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்று. அது போதாது. 35 கொடுத்தால் எத்தனை வருடம் வாங்குகிறேன் என்று பார்க்க வேண்டும். போர்டு அரை உயிரில் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் ஓடினால் பெரிது. அப்போது வருடத்துக்கு 17க்கு மேல். புதுசு 100, பழைய குழாயும் வயரும் ஸ்டாண்டும் இருப்பதால் மாட்ட 12, பத்து வருடம் வந்தால் வருடத்துக்கு 11. மாற்றினேன். இதே 35 நாலாவது வருடத்தில் வந்திருந்து, போர்டும் கம்ப்ரசரும் நன்றாக இருந்திருந்தால் காயிலையே மாற்றியிருப்பேன்.

பழைய ஏசியைக் கழற்றும்போது உள்ளே கேஸ் மிச்சமிருந்தால் அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கச் சொல்ல வேண்டும், காற்றில் விடக்கூடாது. வேறு வீட்டில் மாட்டுவதாக இருந்தால் அந்தக் கேஸ் உங்கள் காசு. கூலிங்கில் ஓடவிட்டு மெல்லிய குழாயின் வால்வை மூடி, அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வை மூடி உடனே நிறுத்த வேண்டும். என் ஏசி மாதிரி குழாயோ காயிலோ ஒழுகும் ஏசியில் இதைச் செய்யவே கூடாது. கம்ப்ரசர் காற்றை உள்ளே இழுத்து, காற்றும் ஆயிலும் அழுத்தத்தில் சூடேறி அவுட்டோர் வெடித்த சம்பவங்கள் உண்டு. அதற்குத் தனியாக, கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் ரிகவரி மெஷின் கொண்டு வருவார்கள்.

பழைய குழாயைப் புதுசுக்குப் பயன்படுத்தலாமா என்பதற்கு மூன்று நிபந்தனை: அளவு புது ஏசியின் கையேட்டோடு ஒத்துப்போக வேண்டும், சுவர்த் தடிமன் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், உள்ளே பழைய ஆயில் இருக்கக்கூடாது. பழைய ஆர்22 கேஸ் ஏசியின் ஆயில் வேறு வகை, அந்தக் குழாயைக் கழுவாமல் ஆர்32-க்குக் கொடுக்கக்கூடாது. கம்ப்ரசர் கருகிய ஏசியின் குழாயும் அப்படியே, அமிலம் ஒட்டியிருக்கும். என்னுடையதில் நைட்ரஜனும் கழுவும் திரவமும் விட்டுச் சுத்தம் செய்தார்கள், நாலு முனையிலும் ஃபிளேரைப் புதிதாக வெட்டிப் போட்டார்கள், அதையும் சேர்த்துத்தான் அந்த 12.

இந்த முறை கோடைக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கினேன், ஆட்களுக்கு அவசரம் இல்லாத நேரம். பணம் கட்டுவதற்கு முன் போனில் கேட்டது மூன்றே கேள்வி: வேக்கம் பம்ப் வருமா, டார்க் ஸ்பேனர் வருமா, தராசு வருமா. இரண்டு பேர் சிரித்தார்கள், மூன்றாமவர் "வரும், ஆனா ரெண்டரை மணி நேரம் ஆகும்" என்றார், அவருக்குத்தான் வேலை. டிரெயின் பைப்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்றும் அவரே காட்டினார். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் போதும். நடுவில் ஒரு தொங்கல் இருந்தால் அங்கே அழுக்கு தங்கி, ஒரு நாள் தண்ணீர் சுவரில் வழியும்.

இப்போது வருடத்துக்கு 5 சர்வீஸுக்கு, 9 தனியாகச் சேமிப்புக்கு. சேமிப்பு பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அடுத்த ஏசியாகும், நடுவில் போர்டு போனால் அதிலிருந்து எடுப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்ட்டர் கழுவுவது என் வேலை, அதற்குக் காசில்லை. அவுட்டோரின் பக்கவாட்டு மூடிக்கு உள்பக்கம் மார்க்கரில் தேதி, தகட்டில் இருந்த கேஸ் அளவு, கூடுதல் பைப்புக்காக ஏற்றிய கிராம் மூன்றையும் எழுதி வைத்தாயிற்று. அடுத்து வருகிற டெக்னீஷியன் மூடியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.